சிந்த் ட்ராக்கை ஆடியோவாக்க எந்த வழி? ஆஃப்லைன், ரியல் டைம், ஃப்ரீஸ், நேரடிப் பதிவு

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஓட்டிக் கேட்கும்போது பாட்டு சுத்தமாக இருக்கிறது. பௌன்ஸ் போட்டு (அதாவது பாட்டை ஆடியோ ஃபைலாக எழுதவைத்து) எடுத்த ஃபைலில் மட்டும் இரண்டாம் சரணத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். இல்லையென்றால் பின்னணியில் ஓடும் பேட் ஒலி ஒரு கணம் காணாமல் போய்த் திரும்பி வருகிறது. இல்லையென்றால் பம்பை அடியில் ஒன்று விழவே இல்லை. சாஃப்ட்வேர் சிந்த் (கம்ப்யூட்டரிலேயே ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்) வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும். வந்ததும் பெரும்பாலானவர்கள் இன்னொரு தடவை பௌன்ஸ் போட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குக் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவை, கூட்டுகிறார்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் புது கம்ப்யூட்டருக்கு விலை விசாரிக்கிறார்கள். பௌன்ஸ் எடுக்கிற வழியை மாற்றிப் பார்க்கலாமே என்று யோசிப்பவர்கள் குறைவு.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கு வரும் வேலைகளுக்குத் தேதி தள்ளிப்போகாது. ஆடி மாதத்து மாரியம்மன் பாட்டு ஆடியிலேயே கோயில் ஒலிபெருக்கியில் ஓட வேண்டும். மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை என்றால், காவேரிப்பட்டணத்துக்காரர் அங்காளம்மன் பாட்டை அதற்கு முன்பே கையில் கேட்பார். தேர்தல் பாட்டுக்கு இன்னும் அவசரம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான், அங்கே கொடுத்து மிக்ஸ் செய்துகொள்ளலாம் என்றாலும், கெட்டுப்போன ட்ராக்கைக் கொண்டுபோனால் அங்கேயும் அதே ‘டக்’தான் கேட்கும்.

வழிகள் நான்கு. முதலாவது ஆஃப்லைன் பௌன்ஸ். கம்ப்யூட்டர் தன்னால் முடிந்த வேகத்தில் கணக்குப் போட்டு ஃபைலை எழுதிவிடும், நமக்கு எதுவும் கேட்காது. இரண்டாவது ரியல் டைம் பௌன்ஸ். ஐந்து நிமிடப் பாட்டு என்றால் ஐந்து நிமிடம் முழுக்க ஓடவிட்டு எடுப்பது. மூன்றாவது ஃப்ரீஸ், ஒவ்வொரு சிந்த் ட்ராக்கையும் தனியாக ஆடியோவாக்கி, சிந்தை ஓய்வில் போட்டுவிடுவது. நான்காவது நேரடிப் பதிவு; சிந்தின் அவுட்டை ஒரு பஸ் (சாஃப்ட்வேருக்குள் ஒலியைக் கொண்டுபோகும் பாதை) வழியாக இன்னொரு ஆடியோ ட்ராக்குக்கு அனுப்பி, பாடகரைப் பதிவு செய்வது போலவே பதிவு செய்வது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஸ்டுடியோக்களின் நிலைமைக்கு, சிந்த் ட்ராக்குகளை ஒவ்வொன்றாக ஃப்ரீஸ் செய்து, காதால் கேட்டுச் சரிபார்த்து, ஆடியோவாக மாற்றிவிட்டு, கடைசி மிக்ஸை ஆஃப்லைனில் எடுப்பதுதான் சரி. ரியல் டைமும் நேரடிப் பதிவும் அடம்பிடிக்கிற ஒன்றிரண்டு ட்ராக்குக்கு மட்டும். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், அந்தச் சத்தம் என்ன ரகம் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால், வேறு வியாதிக்கு மருந்து சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

முதலில் சத்தத்தைப் பிடியுங்கள்

பௌன்ஸ் ஆன ஃபைலை போனுக்கு அனுப்பிக் கேளுங்கள். போனில் சுத்தமாக இருக்கிறது, அதே சாஃப்ட்வேரில் திறந்தால் மட்டும் கரகரக்கிறது என்றால் ஃபைலில் குறையே இல்லை. உங்கள் கம்ப்யூட்டர் ஒலிபரப்பும்போது திணறுகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ராத்திரி முழுக்க மறுபடி மறுபடி பௌன்ஸ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஃபைலிலேயே சத்தம் இருந்தால், எதையும் மாற்றாமல் இன்னொரு பௌன்ஸ் எடுத்து இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். சத்தம் இரண்டிலும் அதே இடத்தில் வருகிறதா, இடம் மாறி வருகிறதா? என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை. இடம் மாறினால் கம்ப்யூட்டரின் பாரம், டிஸ்க் வேகம், டிரைவர் இப்படி அந்தந்த நேரத்துக் காரணம். அதே இடத்தில் வந்தால் பாட்டுக்குள்ளேயே, அல்லது அந்த சிந்துக்குள்ளேயே காரணம் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து அந்த இடத்தைப் பெரிதாக்கி வேவ்ஃபார்மைப் பாருங்கள். மிகவும் பெரிதாக்குங்கள், ஒலியின் ஒவ்வொரு அளவீடும், அதாவது ஒவ்வொரு சாம்பிளும், புள்ளியாகத் தெரிகிற அளவுக்கு. பஃபர் தவறிய சத்தத்துக்கு ஒரு முகம் உண்டு: அலை போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று செங்குத்தாக அறுந்து தட்டையாகிவிடும், கொஞ்ச தூரம் தட்டையாகவே போகும், மறுபடி செங்குத்தாகத் தொடங்கும். அந்தத் தட்டையான பகுதியை அளந்து பார்த்தால் பெரும்பாலும் உங்கள் பஃபர் அளவோ அதன் மடங்கோதான். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் 11.6 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.8, 1024 என்றால் 23.2. அளவு இப்படிப் பொருந்தி வந்துவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

வாய்ஸ் தீர்ந்துபோய் வரும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். சிந்தில் ஒரே நேரத்தில் இத்தனை சுரம்தான் ஒலிக்கும் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 16 வாய்ஸ் வைத்திருக்கும் பேடில் சஸ்டெயின் மிதித்துக்கொண்டே கார்டு மாற்றினால், புதுச் சுரத்துக்கு இடம் கொடுக்கப் சிந்த் பழைய சுரத்தை வெட்டிவிடும். அந்த வெட்டுத்தான் ‘டக்’. அலையில் தட்டையான பகுதி இருக்காது, ஒரே ஒரு கூர்மையான படி மட்டும் தெரியும். இதற்கு எந்த பௌன்ஸ் வழியும் மருந்தல்ல. வாய்ஸ் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது ரிலீஸ் நேரத்தைக் குறையுங்கள்.

அலையின் தலை சமமாகச் சீவப்பட்டிருந்தால் அது 0 டெசிபெலைத் தாண்டிய கிளிப்பிங். சாஃப்ட்வேருக்குள் 32-பிட் ஃப்ளோட்டில் ஓடும்போது தாண்டினாலும் தகவல் கெடாது. 24-பிட் ஃபைலாக எழுதும்போதுதான் சீவிவிடும். அதனால்தான் ‘உள்ளே நன்றாக இருக்கிறது, வெளியே கரகரக்கிறது’ என்ற குழப்பம் வருகிறது. லெவலை இறக்குங்கள், அல்லது 32-பிட் ஃப்ளோட்டில் எடுங்கள்.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெமோ பதிப்பு ப்ளக்-இன்களில் (சாஃப்ட்வேருக்குள் சேர்த்துக்கொள்ளும் சிந்த், எஃபெக்ட் போன்றவை) சில, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே ஒலியை நிறுத்தும், அல்லது இரைச்சல் போடும். அது கோளாறல்ல, விற்பனை ஏற்பாடு. பௌன்ஸ் ஆன ஆடியோவும் பழைய சிந்தும் ஒன்றாக ஓடினால் ஒலி குழாய்க்குள் இருந்து வருவது போலச் சுழலும். சிந்த் ட்ராக்கை மியூட் செய்தால் போதும். முதல் பாரின் முதல் அடியிலேயே சுரம் இருந்தால் அதன் தொடக்கம் நசுங்கிப்போகலாம். பாட்டுக்கு முன்னால் ஒரு பார் காலியாக விடுங்கள். ஒலியை மாற்றச் சொல்லும் ப்ரோக்ராம் சேஞ்ச் கட்டளையும் சுரமும் ஒரே டிக்கில் (நேரத்தின் மிகச் சிறிய அலகில்) இருந்தால் முதல் சுரம் தப்பான ஒலியில் வரும், அல்லது வரவே வராது; ப்ரோக்ராம் சேஞ்சைச் சில டிக் முன்னே தள்ளுங்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகும் சத்தம் இருந்தால், அப்போதுதான் எந்த வழியில் பௌன்ஸ் எடுப்பது என்ற கேள்விக்கே அர்த்தம் வருகிறது.

ஆஃப்லைன்: வேகம் உண்டு, ஆனால் எல்லா சிந்துக்கும் ஒத்துவராது

பாட்டு ஓடிக் கேட்கும்போது கம்ப்யூட்டருக்கு ஒரு கெடு இருக்கிறது. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற மாதிரி: இலையில் சோறு தீர்வதற்குள் அடுத்த கரண்டி வந்துவிட வேண்டும், வராவிட்டால் சாப்பிடுகிறவர் கை நின்றுவிடும். 512 சாம்பிள் பஃபர் என்றால் ஒவ்வொரு 11.6 மில்லிசெகண்டுக்குள்ளும் எல்லா சிந்தும், எல்லா எஃபெக்டும் தங்கள் கணக்கை முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஆஃப்லைன் பௌன்ஸில் இந்தக் கெடுவே கிடையாது. ஓரிடத்தில் பாரம் கூடினால் ரெண்டர், அதாவது ஃபைல் எழுதும் வேலை, மெதுவாகும், ஒலி அறுபடாது. ஆகவே, இடம் மாறி மாறி வரும் பஃபர் சத்தத்துக்கு ஆஃப்லைன்தான் முதல் மருந்து. ஆடியோ இன்டர்ஃபேஸ் மலிவானது, டிரைவர் சுமார் என்பதெல்லாம்கூட இங்கே பிரச்சினையில்லை. ஆஃப்லைன் ரெண்டருக்கு அவை தேவையே இல்லை.

சரி, அப்படியென்றால் ஆஃப்லைனில் ஏன் சத்தம் வருகிறது? சிந்த் ஒழுங்காக எழுதப்படாததால். இப்போது ஆஃப்லைனில் ஓடுகிறோம் என்று சாஃப்ட்வேர் ப்ளக்-இன்னுக்குச் சொல்லும். விஎஸ்டி 3 என்ற ப்ளக்-இன் தரத்தில் அதற்கென்றே ஒரு நிலை இருக்கிறது. அதைக் கேட்டு நடக்கிற சாம்ப்ளர் (பதிவு செய்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் சிந்த்), டிஸ்கிலிருந்து சாம்பிள், அதாவது அந்தப் பதிவு, வந்து சேரும் வரை காத்திருக்கும். கேட்காத சாம்ப்ளர் காத்திருக்காமல் வெறும் மௌனத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். விழாத பம்பை அடி அப்படித்தான் காணாமல் போகிறது. பழைய ஹார்டு டிஸ்கில் சாம்பிள் லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். லைப்ரரியை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது, அல்லது சாம்ப்ளரில் டிஸ்க் ஸ்ட்ரீமிங்கை நிறுத்திவிட்டு முழு இன்ஸ்ட்ருமென்ட்டையும் ராமில் ஏற்றுவது, இரண்டில் ஒன்று பெரும்பாலும் தீர்த்துவிடும்.

இன்னொரு காரணம் பஃபர் அளவு. ஆஃப்லைனிலும் ஒலி துண்டு துண்டாகத்தான் கணக்கிடப்படுகிறது. அந்தத் துண்டின் அளவு ஒழுங்கில்லாமல் மாறினால் சில பழைய ப்ளக்-இன்கள் தடுமாறும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்களில் எஃப்எல் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் ப்ளக்-இன் ரேப்பர் அமைப்பில் ‘யூஸ் ஃபிக்ஸ்டு சைஸ் பஃபர்ஸ்’ என்பதை ஆன் செய்து பார்க்கலாம். அங்கேயே ‘நோட்டிஃபை அபௌட் ரெண்டரிங் மோட்’ என்பதையும் மாற்றிப் பார்க்கலாம். கேக்வாக்கில் ஆடியோ கான்ஃபிகரேஷன் ஃபைலில் ‘பௌன்ஸ்பஃப்சைஸ்எம்செக்’ என்று ஒரு மதிப்பு இருக்கும். அது 0 என்றால் பாட்டு ஓடும்போது உள்ள பஃபர் அளவே பௌன்சுக்கும் போகும். பாடகருக்காகப் பஃபரைச் சின்னதாக்கி வைத்துவிட்டு அப்படியே பௌன்ஸ் போட்டால், அதே சின்ன அளவில் சிந்துகளும் ஓட வேண்டியிருக்கும். அந்த மதிப்பை 20 போல வைத்துப் பாருங்கள், கணக்கு மில்லிசெகண்டில். கேக்வாக்கில் பௌன்ஸ் கோளாறு என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

எஃப்எல்லில் எக்ஸ்போர்ட் பக்கத்தில் ‘எச்க்யூ ஃபார் ஆல் ப்ளக்-இன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் சில சிந்துகளின் ஒலி நாம் கேட்டுப் பழகியதிலிருந்து மாறி வரும். கோளாறு என்று சொல்ல முடியாது, ஆனால் பாடல் ஆசிரியர் ‘அன்னைக்குக் கேட்ட மாதிரி இல்லையே’ என்பார்.

ரியல் டைம்: நம்பகமானது, ஆனால் கரண்ட் இருக்க வேண்டும்

க்யூபேஸின் எக்ஸ்போர்ட் பக்கத்தில் ரியல் டைம் என்று ஒரு பெட்டி இருக்கும். லாஜிக்கின் பௌன்ஸ் பக்கத்தில் ரியல் டைம், ஆஃப்லைன் என்று இரண்டும் இருக்கும். ப்ரோ டூல்ஸில் 2013-இல் பதிப்பு 11 வரும் வரை ரியல் டைம் ஒன்றுதான் வழி; அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் அதைத்தான் நம்புவார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. சிந்த் வழக்கமாக எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓடுகிறது. வேகமாக ஓடும்போது தாளம் தப்புகிற ஆர்பெஜியேட்டர் (அழுத்திய சுரங்களைத் தானே ஒவ்வொன்றாக வாசிக்கும் வசதி) இங்கே தப்பாது. வெளியே வைத்திருக்கும் ஹார்டுவேர் கீபோர்டின் ஒலியும் சேர வேண்டும் என்றால் ரியல் டைமையும் நேரடிப் பதிவையும் தவிர வேறு வழியே கிடையாது.

ஆனால் அந்த 11.6 மில்லிசெகண்ட் கெடு இங்கே மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு முறை கெடு தவறினால் அந்த பௌன்ஸ் வீண். நம் ஊரில் கெடு தவறுவதற்குக் காரணங்கள் அதிகம். சித்திரை வெயிலில், பாடகரின் பதிவுக்காக நிறுத்திய ஃபேனைத் திரும்பப் போடாமல், ஷீட் போட்ட மாடி அறையில் உட்கார்ந்தால் லேப்டாப் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினாலும் அப்படித்தான். லேப்டாப் அணையாது, ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிலைக்குப் போய்ப் புராசசர் இறங்கிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று அறிவிப்பு வந்த நாளில் ரியல் டைம் பௌன்ஸைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். மிக்ஸ் ஃபைல் ஒன்று மட்டும் வேண்டும் என்றால் ஐந்து நிமிடம் பெரிதில்லை. பெங்களூருக்கு அனுப்ப 20 ட்ராக்கைத் தனித்தனியாக எடுக்க வேண்டும், உங்கள் சாஃப்ட்வேர் ரியல் டைமில் ஒவ்வொன்றாகத்தான் தரும் என்றால் அது 100 நிமிடம். நடுவில் ஒன்று கெட்டால் அதை மறுபடியும் எடுக்க வேண்டும்.

ரியல் டைமில் எடுக்கத்தான் வேண்டும் என்றால், பஃபரை 1024 அல்லது 2048-க்கு ஏற்றுங்கள். பாடுகிறவர் யாரும் அப்போது மைக் முன்னால் இல்லாததால் தாமதம் எவ்வளவு ஆனாலும் கவலையில்லை. விண்டோஸ் என்றால் பவர் ப்ளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், வைஃபையை அணையுங்கள், சார்ஜரைச் செருகியே வையுங்கள். அப்படியும் இடையிடையே சத்தம் வந்தால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். எந்த டிரைவர் கம்ப்யூட்டரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அது பெயரோடு காட்டும். நெட்வொர்க் கார்டின் டிரைவர் அந்தப் பட்டியலில் மேலே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ரீப்பர் வைத்திருப்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ரெண்டர் பக்கத்தில் ‘1எக்ஸ் ஆஃப்லைன்’ என்று ஒரு வேகம் உண்டு. பாட்டின் வேகத்தைத் தாண்டாது, அதே சமயம் பஃபர் கெடுவும் இல்லை. வேகத்தில் தடுமாறுகிற சிந்துக்கு இது ரியல் டைமைவிடப் பாதுகாப்பு. மற்ற சாஃப்ட்வேர்களிலும் இது இருந்திருக்கலாமே என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

ஃப்ரீஸ்: நான் சாய்வது இந்தப் பக்கம்

ஃப்ரீஸ் என்பதும் உள்ளே ஓர் ஆஃப்லைன் ரெண்டர்தான். அப்படியிருக்க, முழுப் பாட்டையும் ஒரேயடியாக ஆஃப்லைனில் எடுப்பதைவிட இது எப்படி மேல்?

முதல் காரணம், சத்தம் வந்தால் எந்த ட்ராக்கில் வந்தது என்று உடனே தெரிந்துவிடும். முழு மிக்ஸில் கேட்கும் ‘டக்’ எந்த சிந்திலிருந்து வந்தது என்று தேடுவது பெரும்பாடு. ஃப்ரீஸ் ஆன ட்ராக்கை சோலோ போட்டால் விடை கையில். இரண்டாவது, ஃப்ரீஸ் ஆன ஒவ்வொரு ட்ராக்கும் புராசசரிலிருந்து இறங்கிவிடுகிறது. அடம்பிடிக்கிற கடைசி சிந்துக்கு முழுக் கம்ப்யூட்டரும் கிடைக்கும். நான்கு வருடப் பழைய லேப்டாப்பில் வேலை செய்கிறவருக்கு இது புது லேப்டாப் வாங்கியதற்குச் சமம். மூன்றாவது, ஆடியோவாக ஆன ட்ராக் எத்தனை முறை மிக்ஸ் எடுத்தாலும் மாறாது.

அந்த மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல சிந்துகளில் ஆஸிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி) நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். சுரம் அழுத்தும் கணத்தில் அலை எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்துதான் ஒலிக்கும். சாம்ப்ளரில் ரௌண்ட் ராபின் இருந்தால் ஒரே அடிக்கு வெவ்வேறு பதிவு வரும். ஆகவே இன்றைக்கு எடுத்த பௌன்சும் நாளைக்கு எடுக்கும் பௌன்சும் நூல் பிடித்தாற்போல ஒன்றாக இருக்காது. இரண்டு பௌன்ஸை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒன்றின் ஃபேஸைத் திருப்பிப் போட்டு (அலையைத் தலைகீழாக்கி), மௌனம் வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் இப்படிப்பட்ட சிந்தில் மௌனம் வராது. அதை வைத்துக் கோளாறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் சிந்தில் ஃபேஸ் ரீட்ரிகர் (ஒவ்வொரு சுரத்துக்கும் அலையை ஒரே இடத்திலிருந்து தொடங்கவைப்பது) இருந்தால் ஆன் செய்துவிட்டு, அப்புறம் சோதியுங்கள். ஃப்ரீஸ் செய்து ஆடியோவாக்கிவிட்டால், வாடிக்கையாளர் ‘நல்லா இருக்கு’ என்று சொன்ன அதே ஒலி கடைசி வரை நிற்கும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி அங்காளம்மன் பாட்டு ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். ‘அண்ணா, ரெண்டாவது சரணத்துல பம்பை ஒரு அடி முழுங்குது, எத்தனை தடவை எடுத்தாலும் அதே இடம்’ என்றார். அதே இடம் என்று அவர் சொன்னதே பாதி விடை. ட்ராக்கை மட்டும் ஃப்ரீஸ் செய்து பார்த்தோம். அதே இடத்தில் அதே அடி இல்லை. பியானோ ரோலைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கினால், ஒரே சுரத்தில் இரண்டு நோட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. முதல் நோட்டின் முடிவு இரண்டாவது நோட்டின் தொடக்கத்துக்குச் சில டிக் தள்ளி இருந்தது. முதல் நோட்டின் நோட்-ஆஃப் (சுரத்தை நிறுத்தும் கட்டளை) வந்து, அப்போதுதான் தொடங்கிய அடியை வாய் திறப்பதற்குள் மூடிவிட்டது. முதல் நோட்டைச் சுருக்கினோம், அடி விழுந்தது. முழு மிக்ஸ் பௌன்ஸை வைத்துக்கொண்டே தேடியிருந்தால் அவர் ஒவ்வொரு எஃபெக்டையும் கழற்றிப் பார்த்திருப்பார்.

ஃப்ரீஸில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. எதிரொலி வால் வெட்டுப்படாமல் இருக்க க்யூபேஸில் டெயில் அளவைக் கொடுங்கள். லாஜிக்கில் சோர்ஸ் ஒன்லி, ப்ரீ-ஃபேடர் என்று இரண்டு விதம் உண்டு. சிந்தை மட்டும் உறைய வைத்து எஃபெக்டைப் பிறகு மாற்றிக்கொள்ள முதலாவது. ஒரே சாம்ப்ளரில் பத்து இன்ஸ்ட்ருமென்ட்டை ஏற்றிப் பத்து மிடி (எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்பு) சேனலில் ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் நிறைய; ராம் மிச்சம் என்று அப்படிச் செய்கிறோம். அப்படிச் செய்தால் ஃப்ரீஸ் பத்தையும் சேர்த்துக் கட்டிப்போடும், தனித்தனியாகத் திருத்த முடியாது. ராம் இடம் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி சாம்ப்ளர் போடுங்கள். டெம்போவோடு இணைத்த எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அலையவைக்கும் பகுதி) இருக்கும் சிந்தை ஒரு சரணம் மட்டும் தேர்ந்தெடுத்து ஆடியோவாக்கினால் அலைவு வேறு இடத்திலிருந்து தொடங்கலாம்; முழு ட்ராக்கையும் ஃப்ரீஸ் செய்யுங்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று தயங்க வேண்டியதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட், ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. 20 ட்ராக், ஐந்து நிமிடம் என்றால் 1.7 ஜிபி. ஒரு பென் டிரைவில் பல பாட்டு அடங்கும்.

எஃப்எல்லில் ஃப்ரீஸ் என்று தனியாக ஒரு பொத்தான் இல்லை. ப்ளேலிஸ்டில் ட்ராக்கை கன்சாலிடேட் செய்வது அதே வேலையைச் செய்யும். ஏபிள்டனில் ஃப்ரீஸ் செய்துவிட்டு ஃப்ளாட்டன் கொடுத்தால் நிரந்தரமாக ஆடியோ ஆகிவிடும். கொடுப்பதற்கு முன்னால் ட்ராக்கை நகலெடுத்து, மியூட் செய்து ஓரமாக வையுங்கள். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் ‘சுருதியை அரைக் கட்டை இறக்கணும்’ என்று பாடகர் சொல்வார். மிடி கையில் இல்லாவிட்டால் அழுகைதான்.

நேரடிப் பதிவு

இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரியல் டைமுக்கு உள்ள எல்லாக் கெடுபிடியும் இதற்கும் உண்டு. ஆனால் ஒரு பெரிய வசதி: கெட்ட இடத்தை மட்டும் பஞ்ச்-இன் செய்து மறுபடி எடுக்கலாம். ஆஃப்லைனில் எத்தனை முறை எடுத்தாலும் தடுமாறுகிற பழைய 32-பிட் ப்ளக்-இன், அதுவும் பிரிட்ஜ் (64-பிட் சாஃப்ட்வேரில் அதை ஓட்டும் இணைப்பு) மூலம் ஓடுகிறது என்றால், நான் நேராக இதற்குத்தான் போவேன். மற்ற ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிட்டு, இதை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பதிவு செய்வது. இரண்டு டேக் எடுத்து, ஒன்றில் கெட்ட இடத்துக்கு இன்னொன்றின் நல்ல இடத்தை ஒட்டி, ஒட்டில் 5 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடு (ஒன்று மங்க மற்றது எழும்படி) கொடுத்தால் காதுக்குத் தெரியாது. சுரம் நீளமாக இழுபடும் இடத்தில் ஒட்டாதீர்கள், இரண்டு டேக்கின் ஃபேஸ் ஒன்றாக இருக்காது; அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஒட்டுங்கள். எஃப்எல்லில் மிக்சர் ட்ராக்கை ரெக்கார்டுக்கு ஆர்ம் செய்தோ, எடிசன் என்ற பதிவுக் கருவியில் பிடித்தோ இதைச் செய்யலாம்.

கையால் நாப் திருப்பி ஃபில்டரைத் திறந்து மூடி வாசிக்கிற சிந்துக்கும் இந்த வழிதான் பொருத்தம். அந்த வாசிப்பை ஆட்டோமேஷனாக எழுதிவைத்துப் பிறகு ரெண்டர் செய்வதைவிட, வாசித்தபோதே பிடித்துவிடுவது உயிரோட்டமாக இருக்கும்.

யாருக்கு எது

மேசைக் கம்ப்யூட்டர், எஸ்எஸ்டி, யுபிஎஸ் எல்லாம் இருந்து, புதிய 64-பிட் சிந்துகளையே பயன்படுத்துகிறவர் நேராக ஆஃப்லைனில் எடுக்கலாம். சத்தம் வந்த ட்ராக்கை மட்டும் ஃப்ரீஸ் செய்தால் போதும். அவருக்கு இந்தக் கட்டுரை பாதிக்கு மேல் தேவையில்லை.

லேப்டாப், ஹார்டு டிஸ்க், பழைய லைப்ரரிகள், அடிக்கடி கரண்ட் போகும் தெரு என்றால் பாட்டு அமைக்க அமைக்கவே ஃப்ரீஸ் செய்துகொண்டே வாருங்கள். மெட்டும் பேடும் முடிவான அன்றே அவற்றை ஆடியோவாக்குங்கள். எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு வைத்தால் கோளாறு தேடும் வேலையும் கடைசி நாளிலேயே வரும்.

ஹார்டுவேர் கீபோர்டு வைத்து வாசிக்கிறவருக்கு ரியல் டைம் அல்லது நேரடிப் பதிவு. வாசித்த கையோடு ஆடியோவாகப் பிடித்துவிட்டால், கடைசி மிக்ஸை அவரும் ஆஃப்லைனில் எடுக்கலாம்.

மிக்ஸ் வெளியூரில் நடக்கிறது என்றால், ஃப்ரீஸ் செய்த ட்ராக்குகளை 24-பிட்டில், உங்கள் ப்ராஜெக்ட் ஓடும் அதே சாம்பிள் ரேட்டில், எல்லாம் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடங்கும்படி எடுங்கள். 44.1-ல் செய்த பாட்டை 48 என்று நினைத்துத் திறந்தால் சுருதியும் வேகமும் ஏறிவிடும்; ஃபைல் பெயரிலேயே சாம்பிள் ரேட்டையும் டெம்போவையும் எழுதுங்கள். மாஸ்டர் ட்ராக்கில் இருக்கும் லிமிட்டரை (ஒலியின் உச்சத்தை அடக்கும் எஃபெக்டை) கழற்றிவிட்டு எடுங்கள். அனுப்புவதற்கு முன் எல்லா ஃபைலையும் புதிய, காலி ப்ராஜெக்ட் ஒன்றில் போட்டு, எந்த ப்ளக்-இன்னும் இல்லாமல் முதலிலிருந்து கடைசி வரை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.